கம்பெனி டயரும் ஈர ரோடும்: உங்களுக்கு எங்கே வழுக்குச்சு?

பல்லாவரத்துக்காரன்

வண்டி பேரும் டயர் பேரும் வேண்டாம், சண்டைதான் வரும். டர்போ பெட்ரோல் செடான், முன் சக்கரத்துல இழுக்கற வண்டி, கம்பெனியே மாட்டி அனுப்பின டயர், சைஸ் 205/55 ஆர் 16. 2021 பிப்ரவரியில எடுத்தேன். காஞ்ச ரோட்டுல ஒரு குறை சொல்ல மாட்டேன். மிதிச்சா பறக்கும், திருப்பினா திரும்பும்.

மொத மழையிலயே எனக்கு உறைச்சிருக்கணும். சிக்னல்ல இடது பக்கம் திரும்பி ஆக்சிலரேட்டர்ல லேசா கால் வெச்சா, முன் சக்கரம் சும்மா சுத்துது, வண்டி நகரல. டேஷ்போர்டுல மஞ்ச லைட்டு மினுக்குது. “ஏங்க, அது என்ன லைட்டு?”ன்னு வீட்ல கேட்டாங்க. “வண்டி நம்மளைக் காப்பாத்துதும்மா”ன்னு பெருமையா சொன்னேன். சர்வீஸ்ல கேட்டா, “மழையில எல்லா வண்டியும் அப்படித்தான் சார்”னு முடிச்சுட்டாங்க.

2023 நவம்பர். திருச்சியிலேருந்து வந்துட்டிருக்கேன். மதுராந்தகம் ஏரி தாண்டி, படாளம் வர்றதுக்கு முன்னாடி தூறல் பிடிச்சுது. அடை மழையெல்லாம் இல்லை, வைப்பரை ஒரு தட்டு தட்டி விடற தூறல். நாலஞ்சு நாள் வெயிலுக்கு அப்புறம் விழுந்த மொத துளி. நான் 80-ல வர்றேன். முன்னாடி போன பஸ் ஓரத்துல ஆள் நிக்கறதைப் பாத்து சட்டுனு பிரேக் போட்டுச்சு. நானும் போட்டேன். சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற ஏபிஎஸ் காலுக்கடியில கடகடன்னு தட்டுது, வண்டி பாட்டுக்குப் போகுது. சத்தம் இல்லை, டயர் கிறீச்சுன்னு கத்தக்கூட இல்லை. சோப்புத் தண்ணி ஊத்தின தரையில தட்டை நகத்தின மாதிரி வழவழன்னு போச்சு. நின்னப்போ எதிர்ல “அவசரகால வழி”ங்கற எழுத்து மட்டும்தான் தெரிஞ்சுது, அதுல ‘ழி’ கொஞ்சம் உரிஞ்சிருந்தது வரைக்கும். ஒரு முழம் இருந்திருக்கும்.

அப்போ டயர் ஓடினது 38,000 கிமீ. ரோட்டுல படற ரப்பர் கட்டைங்க, அதான் பட்டன், பாதிக்கு மேல அப்படியே இருந்துது. “என்னா டயருப்பா, தேயவே மாட்டேங்குது”ன்னு எல்லார்கிட்டயும் மெச்சிட்டிருந்த டயர் அது. உங்க கதையையும் போடுங்க.

வர்க்கமூலம்

கோவிச்சுக்காதீங்க, ஆனா டயர் மேல பழியைப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. காத்து எவ்வளவு வெச்சிருந்தீங்க? பஸ்ஸுக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி?

கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. மழைக்காலத்துல கிரிப் கிடைக்கும்னு காத்தைக் குறைக்கற பழக்கம் நம்மாளுங்ககிட்ட நிறைய. அது நேர் தலைகீழ். விமானச் சக்கரங்களை வெச்சு 1960-கள்ல நாசாவில ஒரு கணக்கு போட்டாங்க: டயர்ல இருக்கற காத்தழுத்தத்தோட (நாம காத்து அடிக்கற பிஎஸ்ஐ கணக்குல) வர்க்கமூலத்தை 16.7-ஆல பெருக்கினா, எத்தனை கிமீ வேகத்துல டயர் ரோட்டை விட்டுட்டு தண்ணி மேல ஏறும்னு தெரியும். காத்து 33 இருந்தா சுமார் 96. அதையே 25-க்கு இறக்கினா 83. பட்டன் நல்லா இருந்து தண்ணியும் மெல்லிசா இருந்தா இது அப்படியே பொருந்தாது, ஆனா போக்கு அதுதான். ஸ்டியரிங் திடீர்னு பஞ்சு மாதிரி லேசாயிட்டா நீங்க தண்ணி மேல நிக்கறீங்கன்னு அர்த்தம். அந்த நேரம் பிரேக்கும் மிதிக்கக்கூடாது, ஸ்டியரிங்கையும் வெட்டக்கூடாது. ஆக்சிலரேட்டர்லேருந்து காலை மெதுவா எடுத்துட்டு நேரா பிடிச்சுக்கணும்.

பல்லாவரத்துக்காரன்

காத்து 33, கிளம்பறதுக்கு முன்னாடி திருச்சியில பாத்தேன். இடைவெளி... வெயில்ல விடற இடைவெளியைத்தான் விட்டிருந்தேன். அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா ரோட்டுல தண்ணியே நிக்கலையே அண்ணே, மிதக்கறதுக்கு?

கோத்தகிரி ஏறினவன்

என் கதையில டயர் பாதி குற்றவாளி, மீதி நான்.

எனக்கும் அதே மாதிரி வண்டிதான். முன் ரெண்டும் சீக்கிரம் தேயும்ல, இழுக்கறதே அதுங்கதானே. நாலையும் மாத்தச் சொன்னாங்க. நான் மிச்சம் பிடிக்கறேன் பேர்வழின்னு ரெண்டு மட்டும் நல்ல டயரா வாங்கி முன்னாடி போட்டேன். பின்னாடி பழைய கம்பெனி டயர், நாலு வருஷத்துது. மூணு மாசம் சொர்க்கம். பிரேக் அடிச்சா நச்சுனு நிக்குது. அந்தத் தைரியம்தான் கெடுத்துச்சு.

ஐப்பசி மாசம், மேட்டுப்பாளையத்துலேருந்து கோத்தகிரிக்குக் குடும்பத்தோட போய்ட்டுத் திரும்பி இறங்கறோம். மலை மழை, ரோட்டோரம் செம்மண் கரைஞ்சு ஓடுது. வேகம் 35-தான் இருக்கும். ஒரு வலது வளைவுல எதிர்ல லாரி தலை தெரிஞ்சுது, லேசா பிரேக் தொட்டேன். முன்பக்கம் கச்சிதமா ரோட்டைப் பிடிச்சுது, பின்பக்கம் தனி வண்டி மாதிரி கிளம்பி வெளிய போகுது. பின் சீட்ல இருந்த என் பொண்ணு, “அப்பா, நாம ஏன் சைடுல போறோம்?”னு கேட்டா. இன்னும் அந்தக் குரல் காதுல இருக்கு. வண்டி தானா நேராயிடுச்சு, நான் ஒண்ணும் சாகசம் பண்ணல. கீழ வந்து டீக்கடையில நிறுத்தினேன். எறங்கறதுக்குக் கால் வரல.

அப்புறம்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், ரெண்டு டயர்தான் புதுசுன்னா அது பின்னாடி போகணுமாம், முன் சக்கர வண்டியா இருந்தாலும். முன்னாடி சறுக்கினா நேரா போய் முட்டும், வேகத்தைக் குறைச்சா திரும்பப் பிடிக்கும். பின்னாடி சறுக்கினா வண்டியே சுத்திடும், நம்மளால பிடிக்க முடியாது.

நாமக்கல் டயர் கடை

பல்லாவரம் தம்பி கேட்ட கேள்விக்கு வர்றேன். தூறல்ல நீங்க மிதக்கல. ரெண்டு மூணு நாள் காஞ்ச ரோட்டுல தூசி, வண்டி ஒழுக்கின ஆயில், தேஞ்ச ரப்பர் எல்லாம் படிஞ்சு கெடக்கும். மொத தூறல் அதைக் கழுவாது, குழைக்கும். கால் மணி, அரை மணி நல்லா கொட்டினப்புறம் ரோடு பரவாயில்ல. அந்தக் குழம்பு மேல பிடிக்கணும்னா ரப்பர் மெத்துனு இருக்கணும், ரோட்டோட சொரசொரப்புக்குள்ள போய் உக்காரணும். கம்பெனியில மாட்டி வர்ற டயர் பலதும் அப்படி இல்லைங்க. வண்டி கம்பெனிக்கு வேண்டியது மைலேஜ், சத்தம் இல்லாம இருக்கறது, சீக்கிரம் தேஞ்சு கஸ்டமர் வந்து நிக்காம இருக்கறது. டயர் கம்பெனி அவங்க கேட்ட மாதிரி செஞ்சு குடுக்குது. சிலிகா கலந்த நல்ல ரப்பர்ல மைலேஜும் ஈரப்பிடிப்பும் சேந்தே கிடைக்கும், ஆனா விலை ஏறும், சிலது சீக்கிரம் தேயும். நோகாம எல்லாம் வேணும்னா எங்கயாவது ஒண்ணு அடிபடும். அடிபடறது பெரும்பாலும் மழை. ஷோரூம்ல டெஸ்ட் டிரைவ் குடுக்கற அன்னிக்கு வெயில் அடிக்கும் பாருங்க.

கடைக்கு வர்றவங்க பட்டனை மட்டும்தான் பாக்கறாங்க. நான் கட்டை விரல் நகத்தைப் பட்டன் மேல அழுத்தச் சொல்வேன். புது டயர்ல நகத்தடம் விழுந்து மெல்ல மறையும். நாலஞ்சு வருஷம் வெயில்ல நின்னதுல நகம்தான் வலிக்கும். மெஷின்ல வெச்சு அளக்கற கணக்கு இல்ல, கை சொல்றது. பக்கச் சுவர்ல ஒரு முட்டை வடிவக் கட்டத்துல நாலு எண் இருக்கும்: 2320-ன்னா 2020-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. மொதல்ல அதைப் படிங்க. சில டயர்ல எவ்வளவு தேயாம உழைக்கும்னு காட்ட டிரெட்வேர்னு ஒரு எண்ணும், டிராக்ஷன்னு ஏஏ, ஏ, பி, சி-யில ஒண்ணும் போட்டிருக்கும். அந்த எழுத்து ஈரத்துல நேரா பிரேக் அடிக்கறதுக்கு மட்டும்தான், வளைவுக்கு இல்ல. பட்டனுங்களுக்கு நடுவுல இருக்கற பள்ளத்துல சின்ன மேடு இருக்கும், அது 1.6 மில்லிமீட்டர். அது வரைக்கும் ஓட்டலாம்னு சட்டம் சொல்லுது. மழை அது வரைக்கும் பொறுக்காது. 3 மில்லிமீட்டருக்குக் கீழ போனா நான் என் வண்டியில வெக்க மாட்டேன்.

வர்க்கமூலம்

டயர் கடை அண்ணன் சொன்னதுக்கப்புறம் பல்லாவரத்தாரோட கணக்கைப் போட்டுப் பாத்தேன். 80-லேருந்து நிக்க, டயருக்கும் ரோட்டுக்கும் இருக்கற பிடிப்பு (உராய்வுக் குணகம்) 0.8 இருந்தா 31 மீட்டர். 0.5-க்கு இறங்கினா 50. வித்தியாசம் ஒன்றரை பஸ் நீளம். என் மொத பதிவுல கொஞ்சம் கறாராப் பேசிட்டேன். இடைவெளி விஷயத்துல மட்டும் மாற மாட்டேன்.

கிள்ளான் வாசி

நான் மலேசியாவிலேருந்து. இங்க மழைக்கு மாசம் பாக்க வேண்டியதில்ல, சாயங்காலம் ஆனா கொட்டும். என்னோடது பின் சக்கரத்துல தள்ளற ஜெர்மன் செடான். கம்பெனியே பின்னாடி அகலமான டயர், அதுவும் பஞ்சரானாலும் ஓடற விறைப்பான டயர் போட்டு அனுப்பியிருந்தான். பாக்க ராஜா. காராக் நெடுஞ்சாலையில மழையில இறங்கி வரும்போது ஒரு வளைவுல தேங்கின தண்ணியில பின்பக்கம் மிதந்து, வண்டி பாதி திரும்பி, தடுப்புல பின் பம்பர் உரசி நின்னுச்சு. அதே எடையைத் தாங்கற டயர் அகலமா இருந்தா தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போறது கஷ்டம்னு அப்புறம்தான் புரிஞ்சுது. விளக்குக் கம்பம் கூடத் தெரியாத மழையில பின்னாடி வந்த லோரிக்காரர் நிதானமா நிறுத்தினார். இதை எழுதறதுக்கு நான் இருக்கறதே அவரால.

கத்திப்பாரா தினசரி

எனக்குப் பெரிய கதை எல்லாம் இல்லை. மேம்பால இணைப்புல வர்ற இரும்புப் பட்டையும், ஜீப்ரா கோட்டு வெள்ளைப் பெயின்ட்டும். மழையில அது ரெண்டு மேலயும் சக்கரம் இருக்கும்போது பிரேக்கும் கிடையாது, திருப்பறதும் கிடையாது. ஸ்கூட்டர்ல கத்துக்கிட்ட பாடம், கார்லயும் அதேதான்.

பல்லாவரத்துக்காரன்

எல்லாருக்கும் நன்றி. நீங்கல்லாம் எழுதினதுக்கப்புறம், போன அக்டோபர்ல, மழைக்கு முன்னாடியே, நாலையும் மாத்திட்டேன். சைஸ் அதேதான், ஈரப் பிடிப்புக்குப் பேர் போன டயரா பாத்து எடுத்தேன். 40 ஆயிரத்தைத் தொட்டுச்சு. “பட்டன் இருக்கே, எதுக்குடா மாத்தறே?”ன்னு அப்பா ஒரு வாரம் பேசல. மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கிட்ட குறைஞ்சிருக்கு. சிமென்ட் ரோட்டுல கொஞ்சம் உறுமுது. ஆனா அதே சிக்னல்ல, அதே தூறல்ல, மஞ்ச லைட்டு வரல. வீட்ல கவனிச்சாங்க, ஒண்ணும் சொல்லல.

டயர் கடை அண்ணன் சொன்ன மாதிரி பழசுல நகத்தை அழுத்திப் பாத்தேன். ஒரு கோடு கூட விழல.

கழட்டின நாலையும் அங்கயே இன்னொருத்தர் வாங்கிக்கிட்டார், தேனிப் பக்கமாம். தடவிப் பாத்து, “புதுசாட்டம் இருக்கே தம்பி”ன்னார். மழையில பாத்துப் போங்கண்ணேன்னேன். “எங்க ஊர்ல எங்க தம்பி மழை”ன்னு சிரிச்சுக்கிட்டே டிக்கியில ஏத்தினார்.