சுவிசேஷ ஊழியத்துக்குப் போன இடத்தில மறக்கேலாத ஒரு ஆள்: உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

கோப்பாய்ப் பெடியன்
கைப்பிரதி குடுக்கப் போறது எப்பிடியெண்டு எல்லாருக்கும் தெரியும்தானே, அதை விடுவம். மாரி முடிய வடமராட்சிப் பக்கம் போனனாங்கள், சபைப் பெடியள் நாலைஞ்சு பேர். ஒரு வீட்டுப் படலையில ஒரு ஐயா. நெத்தி நிறையத் திருநீறு. நாயைப் பிடிச்சுக் கட்டினார், பிரதியை வாங்கினார், கண்ணாடியைப் போட்டு நிண்ட நிலையில வாசிச்சார். ஆள் ஆர்வமா இருக்கிறாரெண்டு எங்களுக்குள்ள பார்த்துச் சிரிச்சம்.

பொக்கற்றுக்குள்ள இருந்து சிவப்புப் பேனை வந்தது. பிரதியைப் படலையில வைச்சு அழுத்திப் பிடிச்சுத் திருத்தத் தொடங்கினார். விடுபட்ட ஒற்றெல்லாம் போட்டார். ஒரு வசனத்தை முழுசா வெட்டி, பக்கத்தில "எழுவாய் எங்கே?" எண்டு எழுதினார். திருப்பித் தந்திட்டு, "தம்பி, உங்கட கடவுளைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. அவரைப் பற்றி எழுதேக்க ஒழுங்கா எழுதுங்கோ" எண்டார். படலையைச் சாத்திப்போட்டார்.

அந்தத் தாள் இப்பவும் என்ர பைபிளுக்குள்ள கிடக்கு. கோபப்பட்டுக் கத்துற ஆளெண்டா என்ன செய்யிறதெண்டு சொல்லித் தந்திருக்கினம். இதுக்கு ஒண்டும் சொல்லித் தரேல்லை.

மானிப்பாயான்
தம்பி, அந்த ஐயா நாவலர் பரம்பரை! ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோட இருந்து பைபிள் மொழிபெயர்ப்பு வேலை செய்த மனுசன். பிறகு 1848இல வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் திறந்தார். அச்சுக்கூடமும் வைச்சார், பிரசங்கமும் வைச்சார். எல்லாம் மிஷன்காரரிட்டைப் பார்த்துப் படிச்சதுதான். ஆனபடியா உங்களுக்கு முன்னால நிண்டவர் பைபிள் தெரியாதவர் எண்டு நினையாதேங்கோ.

என்ர அனுபவம் பெரிசா ஒண்டுமில்லை. ஒரு வீட்டில தேத்தண்ணி தந்து இருத்தி வைச்சு, எனக்கே தேவாரம் பாடிக் காட்டினவை. நல்ல குரல்.

பழைய கிளாலிப் பயணி
இப்போது ஏ9 வீதியில் பஸ் ஏறிப் போகிற பிள்ளைகளுக்குச் சொன்னால் விளங்காது. சண்டைக் காலத்தில் ஆனையிறவுப் பாதை பூட்டிய பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் போகக் கிளாலிக் கடல்தான் வழி. இருட்டில், வள்ளத்துக்குப் பின்னால் வள்ளம் கட்டி இழுப்பார்கள். நேவி கண்டால் சுடும். வன்னியிலிருந்த சபைக்காக நான் ஒரு பெட்டி நிறையப் பைபிள் கொண்டுபோனேன்.

நடுக்கடலில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஓட்டி, "ஐயா, பெட்டி பாரம், எறியுங்கோ" என்றான். நானும் கை வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா, சைவக்காரி, என்ன பெட்டி என்று கேட்டா. சொன்னேன். அவ எழும்பி, தன்னுடைய அரிசிப் பையைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டுப் பெட்டியின் மேல் ஏறி இருந்துகொண்டா. "சாமிச் சாமானை எறியிறதோ?" அவ்வளவுதான். அரிசி என்ன விலை விற்ற காலம் அது!

கரையில் இறங்கின நெரிசலில் ஆளைத் தவறவிட்டேன். ஊர் கூடக் கேட்கவில்லை.

வாசுகி
நான் சைவம். இதுக்குள்ள எழுதலாமோ தெரியாது, எழுதுறன்.

அம்மா ஆசுபத்திரி வாட்டில கிடந்த நேரம். பாரிசவாதம், கதை வராது, கண் மட்டும் அசையும். பின்னேரம் பார்வையாளர் நேரத்தில ஒரு குழு வந்து கட்டில் கட்டிலா ஜெபிச்சது. நான் தண்ணி எடுக்கப் போட்டு வாறன், ஒருத்தர் அம்மாவின்ர நெத்தியில எண்ணெய் பூசிக்கொண்டு நிக்கிறார். காலமை நான் பூசின திருநீற்றுக்கு மேல. அம்மா என்னைப் பார்த்த பார்வை இண்டைக்கும் நித்திரையைக் குழப்புது. வேண்டாமெண்டு சொல்ல ஏலாத ஆளுக்குச் செய்யிறது என்ன ஊழியம்?

அவையோட வந்த ஒரு பிள்ளை மட்டும் பின்னால நிண்டு, "அக்கா, துடைச்சுவிடவோ?" எண்டு கேட்டவள். அவளில எனக்குக் கோபமில்லை.

தீவகப் பணியாள்
நெடுந்தீவுக்குப் போகும்போது நடுவழியில் எஞ்சின் நின்று, எல்லாரும் சத்தி எடுத்தோம். அது கிடக்கட்டும். புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் போட் ஏறுகிற குறிகட்டுவான் துறையில் போய் நின்று விசுவாசத்தைச் சோதிக்காதீர்கள். கடல் அடித்தால் போட் ஓடாது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் நகரப் பக்கம் பிரதியோடு திரிய வேண்டாம். விரதக்காரர் வீட்டு வாசலில் நின்று விவாதித்தால் பிறகு பத்து வருஷத்துக்கு அந்த ஒழுங்கைக்குள் போக முடியாது. செருப்பை வாசலில் கழற்றுங்கள். முதலில் வீட்டுப் பெரியாட்களோடு கதையுங்கள், பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்துத் தொடங்காதீர்கள். போனைத் தூக்கிப் படம் எடுக்கவே வேண்டாம். வேலை, வீட்டுத்திட்டம், வெளிநாடு என்று ஒரு சொல் வாயில் வரக்கூடாது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் கிறீன் வைத்தியர் மானிப்பாயில் இருந்து தமிழ் படித்து, தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். நாங்கள் ஒரு பின்னேரத்தில் முழுக் கிராமத்தையும் முடித்துவிட்டு வருகிறோம். இன்னொன்று, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். தீவில் நல்ல தண்ணீருக்கு அவர்களே அந்தரப்படுகிறார்கள்.

சில்லாலைக்காரி
ஆலோசனை ஆர் கேட்டது அண்ணை? வாசுகி அக்கா எழுதினதுக்கு ஒரு வரி கூடப் பதில் இல்லை.

தடை தடையெண்டு எல்லாரும் சைவ ஆக்களையே காட்டுறியள். 1687இல கத்தோலிக்கக் குரு யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேசத்தில யாழ்ப்பாணம் வந்தவர். எங்கட ஊரில ஒளிச்சிருந்து ராவிலதான் பூசை வைச்சவர். அவரைத் தேடித் திரிஞ்சது அப்ப ஆண்ட ஒல்லாந்தர், அவையும் கிறிஸ்தவர்தான், புரட்டஸ்தாந்துக்காரர். 2015 ஜனவரியில காலிமுகத்திடலில பாப்பரசர் அவரைப் புனிதராக்கேக்க அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போனனான். பக்கத்தில நிண்ட சிங்கள ஆச்சியிட்ட, "எங்கட ஊரில ஒளிச்சிருந்தவர்" எண்டு தமிழில திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிண்டா. அந்த ஆச்சியும் விடாமத் தலையாட்டினவ.

கோப்பாய்ப் பெடியன்
வாசுகி அக்கா, நீங்கள் எழுதினதைச் சபையில வாசிச்சுக் காட்டினன். வாட்டுக்குப் போறதெண்டா வீட்டாக்களிட்டைக் கேட்டுத்தான் போகவேணும் எண்டு சொன்னன். பாஸ்டர் ஒத்துக்கொள்ளேல்லை. பெடியளில பாதிப் பேர் ஒத்துக்கொண்டவை. கதை இன்னும் முடியேல்லை.

தீவகம் அண்ணை, குறிகட்டுவானில காலமை முதல் போட் எத்தினை மணிக்கு?