நவராத்திரி லீவு: 4, 9, 14 வயதுப் பிள்ளைகள் மூவரையும் கொலுவில் எப்படிச் சேர்ப்பது?

திருச்சி_அம்மா:
எனக்கு மூன்று பிள்ளைகள். பெரியவளுக்கு 14, நடுப்பையனுக்கு 9, கடைக்குட்டிக்கு 4. காலாண்டுத் தேர்வு லீவும் நவராத்திரியும் இந்த முறை சேர்ந்தே வருகின்றன, ஐந்து படி கொலு வைக்கிறோம். போன வருஷம் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் காகிதத் தோரணம் செய்யச் சொன்னேன். பெரியவள் பத்து நிமிஷத்தில் போனை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள், நடுவன் கத்தரிக்கோலுக்குச் சண்டை போட்டான், அந்தக் களேபரத்தில் சின்னவன் படியில் ஏறி, தசாவதார செட்டில் இருந்த கூர்மத்தைக் கீழே போட்டு உடைத்துவிட்டான். அது என் மாமியார் கல்யாணத்துக்கு வந்த செட். நான் போட்ட சத்தத்தில் குழந்தை மூன்று நாள் கொலு பக்கமே வரவில்லை. பொம்மை போனதைவிட அதுதான் இன்னும் எனக்கு உறுத்துகிறது. இந்த வருஷம் மூவரும் சந்தோஷமாக இருக்க வேண்டும். என்ன செய்யலாம்?

ஸ்ரீரங்கம்_பாட்டி:
மூன்று வயதுக்கும் ஒரே வேலை கொடுத்தால் அப்படித்தான் ஆகும்மா. கொலு ஒன்றுதான், ஆனால் அதில் ஆளுக்கொரு வேலை இருக்கிறது. சின்னவனுக்குக் கீழ்ப்படியில் ஒரு ஓரத்தை விட்டுவிடு. மரப்பாச்சி, மரச் செப்புச் சாமான், விழுந்தாலும் உடையாத எதுவானாலும் சரி, அவன் தினமும் எடுத்து விளையாடி மாற்றி மாற்றி வைக்கட்டும். தொடலாம் என்று ஒரு இடம் இருந்தால்தான் மற்றதைத் தொடாதே என்ற சொல் குழந்தை காதில் ஏறும். செட்டியார் கடைக்குக் குட்டிக் கிண்ணங்களில் அரிசி, துவரம்பருப்பு, உப்பு நிரப்புகிற வேலையையும் அவனுக்கே கொடு. என் பேரன் நாலு வயதில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து நிரப்பினான்.

இன்னொன்று. சுண்டல் பாத்திரம் பக்கத்தில் சின்னவனைத் தனியாக விடாதே. முழுக் கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் அந்த வயதில் தொண்டையில் அடைத்துவிடும். அவனுக்கு நன்றாக வேகவைத்து மசித்துக் கொடு, இல்லாவிட்டால் பாசிப்பருப்புச் சுண்டல் செய்கிற நாளில் கொடு.

மதுரை_அப்பா:
உங்கள் 9 வயதுப் பையனுக்குக் கொலு பார்க்கை முழுசாக ஒப்படையுங்கள். என் மகள் இரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். ஒரு பழைய தட்டில் தென்னைநார்த் தூளை ஈரமாகப் பரப்பி ஒரு பக்கம் கடுகு, ஒரு பக்கம் கேழ்வரகு, நடுவில் முதல் நாள் இரவே ஊறவைத்த வெந்தயம். முளைவிடும்வரை ஈரத்துணி போட்டு மூடலாம், முளை தெரிந்ததும் துணியை எடுத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். முதல் வருஷம் நாங்கள் அறை மூலையிலேயே விட்டுவிட்டோம், எல்லாம் வெளிறிய மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிட்டது. அன்றைக்கு அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னதில், வெளிச்சம் இல்லாவிட்டால் செடி ஏன் பச்சையாகாது என்பது புத்தகம் இல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. மகாளய அமாவாசை அன்று படி கட்டுவீர்கள் என்றால் ஒரு வாரம் முன்னாடியே விதைக்கச் சொல்லுங்கள், தினமும் அடிக்குச்சியால் அளந்து எழுதச் சொல்லுங்கள். குளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடியில் கொஞ்சம் தண்ணீர் போதும், கண்ணாடி வேண்டாம், வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறது.

உடைந்த கூர்மத்தைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? துண்டுகள் இருந்தால் ஒட்டலாம். எம்-சீல் வைத்து நீங்களே ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, பிள்ளைகளை வர்ணம் பூசச் சொல்லுங்கள். அருகில் இருப்பவர்கள் மதுரை பக்கத்து விளாச்சேரிக்கே எடுத்துப் போகலாம், அங்கே பொம்மை செய்கிற குடும்பங்கள் நிறைய. குழந்தைகள் களிமண் அச்சிலிருந்து பொம்மை வெளியே வருவதைப் பார்க்க அதுவே ஒரு பயணம்.

ஸ்ரீரங்கம்_பாட்டி:
மூளியான பொம்மையைப் படியில் வைக்க மாட்டோம் தம்பி. எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கமில்லை. ஒட்டினால் பார்க்கில் குளத்தோரம் வைக்கட்டும், ஆமை இருக்க வேண்டிய இடமும் அதுதானே.

மயிலாப்பூர்_பொண்ணு:
எனக்கு 19 வயது, அதனால் உங்கள் பெரியவள் சார்பாக எழுதுகிறேன். ஆன்ட்டி, அவளிடம் "கொஞ்சம் ஹெல்ப் பண்ணு" என்று கேட்காதீர்கள். ஹெல்ப் என்றால் முடிவெல்லாம் உங்களுடையது, எடுபிடி வேலை மட்டும் அவளுடையது. 13 வயதில் அம்மா என்னிடம் ஒரு படியையும் 500 ரூபாயையும் கொடுத்து, "இது உன்னுடையது, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார். நான் அட்டைப்பெட்டியில் கபாலி கோவில் தெப்பக்குளம் கட்டினேன், சுவரெல்லாம் கோணல், அம்மா சொன்ன மாதிரியே ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் நின்று விளக்கினேன்.

அப்புறம், ஒரு நாள் மாலையை முழுசாக அவளிடம் விடுங்கள். யாரைக் கூப்பிடுவது, என்ன சுண்டல், தாம்பூலப் பையில் என்ன, எல்லாமே. மொச்சை என்றால் முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும் என்பதை மறந்து, அன்றைக்குக் கடலைப்பருப்புச் சுண்டல் செய்தாலும் பரவாயில்லை என்று விடுங்கள். போனைப் பிடுங்காதீர்கள், ஃபிரண்ட்ஸைக் கூப்பிட அவளுக்கு அதுதான் வேண்டும்.

கோவை_ரவுண்டானா:
எங்கள் வீட்டில் கொலு வழக்கமில்லை, எங்களுக்கு ஆயுத பூஜைதான் பெரிது. பெரிய பையன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுவான், சின்னது தன் மூன்று சக்கர வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும். பாடப் புத்தகம் எல்லாம் பூஜையில் இருப்பதால் அன்று படி என்று யாரும் சொல்ல முடியாது, பொரி கடலை வேறு. அந்த ஒரு நாளில் எங்கள் வீட்டில் சண்டையே வராது.

திருச்சி_அம்மா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பாட்டி, கூர்மம் குளத்தோரம்தான், முடிவு செய்துவிட்டேன். துண்டுகளைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தேன், நேற்று ராத்திரி எடுத்துப் பார்த்தோம், ஓட்டில் ஒரு சில்லு மட்டும் காணோம். ஒட்டுவது நான், வர்ணம் சின்னவனும் நடுவனும். பெரியவளிடம் இரண்டாவது படி உன்னுடையது என்றேன், "நிஜமாவா, நீ எதையும் மாத்த மாட்டியே?" என்று இரண்டு தடவை கேட்டாள். சின்னவனுக்கு விஜயதசமி அன்று ஏடு தொடங்குகிறோம், நெல்லில் அவன் கையைப் பிடித்து "அ" எழுதவைப்பது அக்காதான் என்று அவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.