ஆங்கில வகுப்பில் கூச்சம் விலக எது உதவுகிறது? வேலூர்ப் பக்கத்து ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

காட்பாடி:
வரிசை எண்படி எழுப்பிக் கேட்பதை முதலில் விடுங்கள். 60 பேர் வகுப்பில், தன் முறை எப்போது என்று எண்ணிக்கொண்டிருப்பவன் காதில் பாடம் ஏறாது. பக்கத்தில் இருப்பவரோடு 2 நிமிடம் பேசவிட்டு, அவர் சொன்னதைச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தவர் கருத்து என்பதால் தப்பானாலும் மானம் போகாது. 'ஷி லைக்ஸ்', 'ஹி வான்ட்ஸ்' என்று அந்த 'ஸ்'-உம் பழகிவிடும். கேள்வி கேட்டபின் 3 விநாடியாவது சும்மா நில்லுங்கள். அதுதான் நமக்கு வராது!

வாணியம்பாடி:
ஸ்கூல் 'இஸ்கூல்' ஆவது தமிழ்ப் பிள்ளைகளுக்கும் உருதுப் பிள்ளைகளுக்கும் பொது. ஒருவன் சிரித்தால் போதும், சொன்னவன் அந்த செமஸ்டர் முழுக்க வாய் திறக்கமாட்டான். தனியாளைத் திருத்தாமல் மொத்த வகுப்பையும் குக்கர் விசில் மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்கச் சொல்லுங்கள்; மூச்சை நிறுத்தாமல் அப்படியே 'கூல்'. ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் இழுப்பைக் குறைத்து. சீறலுக்கு முன்பே தொண்டை ஒலித்துவிடுவதால்தான் 'இ' நுழைகிறது. சிரிப்பு வரும், ஆனால் ஆளைப் பார்த்து அல்ல, சத்தத்தைப் பார்த்து.

குடியாத்தம்:
'எஸ்டர்டே ஐ கோ டு பாகாயம்' என்றால் நடுவில் வெட்டாமல், 'ஓ, யூ வென்ட் டு பாகாயம்?' என்று பேச்சோடு பேச்சாகத் திருப்பிக் கேட்கலாம். சிக்கல், அது திருத்தம் என்றே பலருக்கு உறைக்காது. அதனால் கடைசி 5 நிமிடத்தில் மூன்றே தவறுகளைப் பெயரில்லாமல் போர்டில் எழுதுங்கள். 'வெரி குட்'டைக் கோயில் சுண்டல் மாதிரி எல்லோருக்கும் அள்ளித் தராதீர்கள். 'பிகாஸ் போட்டுக் காரணம் சொன்னாயே' என்று குறிப்பாகச் சொன்னால்தான் நிற்கும்.

ஆம்பூர்:
மேலே சொன்னவை பயத்தைப் போக்கும். ஆர்வம் தனி வேலை. மகிழ்ச்சி ஏறினால் பதற்றம் தானாக இறங்கிவிடும் என்பதில்லை, இரண்டும் ஒரே மாணவரிடம் சேர்ந்தே இருக்கும் என்று மொழி கற்றலை ஆராயும் டெவேலும் மேக்கின்டயரும் 2014-இல் எழுதினார்கள். 'மை எய்ம் இன் லைஃப்' கொடுத்தால் கொட்டாவிதான். பேசிவ் வாய்ஸுக்கு நம்மூர் பிரியாணியை எடுங்கள்: சீரகச் சம்பா 'இஸ் சோக்ட்', கறி 'இஸ் குக்ட்', தண்ணீர் 'இஸ் டிரெயின்ட்'. தம் போடுவதற்கு ஆங்கிலம் என்ன என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள், விட்டுவிடுங்கள். இதற்கு மட்டும் இன்டர்னல் மார்க் வேண்டாம். போட்டால் மறுநாள் 60 பேரும் நெட்டில் எடுத்த ஒரே பத்தியைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.