பக்கத்து வரிசை வீடுகளின் வரைபடத்தை மாற்றினால் நமக்கு என்ன உரிமை? இராமநாதபுரம் கடற்கரை அனுபவங்கள்

உச்சிப்புளியில் வீடு வாங்கியவர்:

உச்சிப்புளிக்கு அருகில், இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தனி வீடுகளாகக் கட்டி விற்கும் ஒரு குடியிருப்புத் திட்டத்தில் நாங்கள் வீடு வாங்கினோம். அது ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்யப்பட்ட திட்டம். எங்களுக்குக் கிழக்கே உள்ள வரிசை முழுவதும் தரைத்தள வீடுகள் என்றும், அதை அடுத்து பூங்காவுக்கான திறந்தவெளி என்றும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் காட்டப்பட்டிருந்தது. அந்தத் திறந்தவெளியில் இருந்த கிணற்றில் உவர்ப்பில்லாத தண்ணீர் கிடைத்தது. நாங்கள் அங்கே வீடு வாங்கத் துணிந்ததற்கு அதுவே முதல் காரணம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் நல்ல தண்ணீர்க் கிணறு எவ்வளவு பெரிய சொத்து என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு பாதி எழும்பியிருந்த நிலையில், கிழக்கு வரிசையில் அஸ்திவாரக் குழிகள் தரைத்தள வீட்டுக்குத் தேவையானதைவிட மிக ஆழமாகத் தோண்டப்படுவதையும், தூண்களுக்குத் தடித்த கம்பிகள் கட்டப்படுவதையும் கொத்தனார் ஒருவர் சுட்டிக்காட்டினார். விசாரித்தபோதுதான், இராமேசுவரம் வரும் யாத்ரீகர்களுக்கு அறைகளை வாடகைக்கு விடும் வகையில் அங்கே மூன்று தளக் கட்டடம் வரப்போகிறது என்றும், அதற்காகத் திருத்திய வரைபடம் அனுமதிக்குப் போகவிருக்கிறது என்றும் தெரிந்தது. ஓரிரு நாளில் கட்டுநரின் அலுவலக ஊழியர் ஒரு தாளுடன் வீடு வீடாக வந்தார். “திட்டத்தில் தேவைப்படும் மாற்றங்களுக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை” என்ற ஒற்றை வாக்கியமும் கையெழுத்துக்கான கோடும் மட்டுமே அந்தத் தாளில் இருந்தன. வரைபடம் இணைக்கப்படவில்லை, சர்வே எண் இல்லை, தேதிக்கான இடமும் காலியாக இருந்தது. “எல்லாரும் போட்டுட்டாங்க சார், நீங்க ஒருத்தர்தான் பாக்கி” என்றார். அன்று இரவு ஒருவரோடொருவர் தொலைபேசியில் பேசியபோது, அதே வார்த்தைகளை எல்லோரிடமும் அவர் சொல்லியிருப்பது தெரியவந்தது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில் 14-ஆவது பிரிவை ஒவ்வொருவரும் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நம் சொந்த வீட்டின் வரைபடத்தை நம் சம்மதமின்றி மாற்றக்கூடாது என்பது பலருக்குத் தெரிகிறது. அதே திட்டத்துக்குள் இருக்கும் மற்றக் கட்டடங்களையோ பொது இடங்களையோ மாற்றுவதற்கும், கட்டுநரைத் தவிர்த்து, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வமான முன் ஒப்புதல் தேவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒருவர் தம் பெயரிலும் குடும்பத்தினர் பெயரிலும் எத்தனை வீடுகள் பதிவு செய்திருந்தாலும் அவர் ஒருவராகவே எண்ணப்படுவார். எங்கள் திட்டத்தில் பல வீடுகள் ஒரே குடும்பத்தின் பெயர்களில் இருந்ததால், இந்த விளக்கம்தான் கணக்கையே மாற்றியது.

விற்பனை ஒப்பந்தத்திலேயே “தேவைக்கேற்ப வரைபடத்தை மாற்றிக்கொள்ளலாம்” என்று நீங்கள் கையெழுத்திட்டுள்ளீர்களே என்று கட்டுநர் தரப்பில் கேட்டார்கள். இப்படி முன்கூட்டியே பொதுவாக வாங்கி வைக்கும் சம்மதம் போதாது, என்ன மாற்றம் என்பதை முழுமையாகத் தெரிவித்த பிறகு பெறும் சம்மதமே சம்மதம் என்று, மகாராஷ்டிரத்தின் பழைய அடுக்ககச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கில் மும்பை உயர்நீதிமன்றம் 2010-இல் கூறியிருப்பதை எங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். நொய்டாவில், முந்தைய வரைபடத்தில் தோட்டமாகக் காட்டிய இடத்தில் குடியிருப்போரின் ஒப்புதலின்றி எழுப்பிய இரட்டைக் கோபுரங்களை இடிக்க உச்சநீதிமன்றம் 2021 ஆகஸ்டில் உத்தரவிட்டதும், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவை தகர்க்கப்பட்டதும் எங்களுக்குத் துணிவு தந்தன.

ஆனால் எங்களுக்கு உண்மையில் கை கொடுத்தது வில்லங்கச் சான்றுதான். மனை எண்ணுக்கு மட்டும் போடாமல், திட்டத்தின் சர்வே எண் முழுமைக்கும் போட்டுப் பார்த்தோம். பூங்கா இடம் தானப் பத்திரம் மூலம் ஏற்கெனவே உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. புதிய கட்டடத்தின் ஒரு பக்கமோ அந்த இடத்துக்குள் பல அடி நுழைந்து நின்றது. தமக்குச் சொந்தமில்லாத நிலத்தில் கட்டுவதற்கு எங்களிடம் ஆட்சேபணையின்மைக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள்! தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும், கையெழுத்திட மறுத்தவர்களின் கடிதங்களையும் இணைத்து, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஊராட்சிக்கும் கட்டுநருக்கும் பதிவுத் தபால் அனுப்பினோம். ரெராவில் தாக்கல் செய்ய ‘எம்’ (M) எனப்படும் படிவத்தில் புகாரும் தயாரானது. அது தாக்கலாகும் முன்பே, பழைய வரைபடத்தின்படியே கட்டுவதாகக் கட்டுநர் எழுதிக் கொடுத்தார். கிணற்றைச் சுற்றிக் கொட்டிய கட்டட இடிபாடுகளை அகற்றும் விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை.

கீழக்கரை உறுப்பினர்:

அண்ணன் எழுதியிருப்பதில் “அதே திட்டத்துக்குள்” என்ற சொற்களை எல்லோரும் கவனிக்க வேண்டும். எங்கள் வீடுகள் முதல் கட்டம். எதிரில் குழந்தைகள் விளையாட்டுத் திடல் வரும் என்று விளம்பரத் தாளில் படம் போட்டிருந்த நிலத்தை இரண்டாம் கட்டமாகத் தனியே பதிவு செய்து, அங்கே திருமண மண்டபம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு கட்டமும் தனித் திட்டமாகவே கருதப்படும் என்று சட்டம் சொல்வதால், 14-ஆவது பிரிவின்படி எங்கள் ஒப்புதலைக் கேட்க வேண்டியதில்லை என்று வாதிடுகிறார்கள். காற்றும் வெளிச்சமும் தடைபடுகிறது என்று கேட்கலாம் என்றால், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி இருபது ஆண்டுகள் தடையின்றி அனுபவித்திருக்க வேண்டும். புது வீட்டுக்காரர்கள் அதற்கு எங்கே போவது? இப்போது எங்களுக்கு மிஞ்சியிருப்பது 12-ஆவது பிரிவு. தவறான விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்து நட்டப்பட்டவர் இழப்பீடு கோரலாம். அதற்காக ‘என்’ (N) எனப்படும் படிவத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அந்த விளம்பரத் தாளை என் மனைவி பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். அது இல்லாவிட்டால் எங்களிடம் காட்டுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

தேவிபட்டினம், தற்போது ஜெத்தா:

வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் பவர் பத்திரத்தை எடுத்துப் பார்க்கவும். கிரையப் பதிவுக்காகக் கட்டுநர் சொன்ன நபருக்கு நான் கொடுத்த பவரில், “அனைத்து ஒப்புதல்களும் அளிக்க” என்ற ஒரு வரி இருந்தது. பக்கத்து வீடுகளுக்கு மாடி எழுப்புவதற்கான ஒப்புதல் பட்டியலில், அந்த வரியின் பேரில் என் சார்பாக அவர் கையெழுத்திட்டிருந்தார். பவரை ரத்து செய்து, அந்த ரத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தேன். வரைபடத்தையே பார்க்காத நிலையில் என் பெயரில் தரப்பட்ட ஒப்புதலை நான் ஏற்கவில்லை என்று கட்டுநருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் எழுதி அனுப்பிய பிறகே, பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தார்கள்.