வொயிட்பீம் கிளை கருகுகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கிறோம். போன நவம்பரில் வீட்டு முன்னால் ஒரு வொயிட்பீம் (whitebeam) மரம் வைத்தேன், 'லூட்டெசென்ஸ்' ரகம். ஏப்ரலில் துளிர்த்தபோது இலையெல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல அப்படி ஒரு அழகு! மே மாதம் கொஞ்சம் வெள்ளைப் பூவும் வந்தது.

இப்போது இரண்டு கிளைகளின் நுனி நெருப்பில் வாட்டியதுபோலக் கருகிவிட்டது. இலை மட்டும் உதிராமல் தொங்குகிறது. சுண்ணாம்பு மண்ணில் தானாகவே வளரும் மரம் இது. எங்கள் தோட்டமோ களிமண், மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். வேர் அழுகலா, இல்லை ஆப்பிள், பேரிக்கு வரும் ஃபயர்பிளைட் (fire blight) என்ற பாக்டீரியா நோயா? பக்கத்து வீட்டில் பேரி மரம் வேறு இருக்கிறது. கருகிய இடத்துக்குக் கீழே ஓரடி சேர்த்து வெட்டினால் போதுமா? இலை உதிர்ந்ததும் மேடான இடத்துக்கு மாற்றலாமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள், படம் கீழே போடுகிறேன்.