செருப்பு வாராகிப் போன ஆரஞ்சுத் தோல்

குழு: ஆச்சி வீட்டுக் கூட்டம்

சனிக்கிழமை

ஜெபா: [படம்]

ஜெபா: யாரும் சிரிக்கக் கூடாது. கிறிஸ்மஸ் கேக்கில் போட ஆரஞ்சு பீல் வீட்டிலேயே செய்யலாம் என்று ஆறு பழத்தின் தோலை நறுக்கிச் சீனிப் பாகில் போட்டேன், முக்கால் மணி நேரம் கொதித்தது, ஆறிய பிறகு பார்த்தால் செருப்பு வார் மாதிரி இருக்கிறது. கடித்தால் கசப்பு வேறு.

எட்வின் மாமா: தரையில் போட்டால் சத்தம் கேட்கிறதா?

ஜெபா: கேட்கிறது மாமா

எட்வின் மாமா: பேசாமல் பேக்கரியில் கால் கிலோ டூட்டி ஃப்ரூட்டி வாங்கிப் போடு. வெட்டின பிறகு எவனுக்குத் தெரியப் போகிறது.

ஸ்டெல்லா பெரியம்மா: எட்வின், அது பப்பாளிக்காய். பச்சைப் பப்பாளியை வேக வைத்துச் சாயம் போட்டுப் பாகில் ஊற வைத்தது. அதில் ஆரஞ்சு மணம் எங்கிருந்து வரும்? நீ கொஞ்சம் சும்மா இரு.

ஸ்டெல்லா பெரியம்மா: ஜெபா, தோலை முதலில் வெறும் தண்ணீரில் வேக வைத்தாயா, இல்லை பச்சையாகவே பாகில் போட்டாயா?

ஜெபா: பச்சையாகத்தான் பெரியம்மா. நான் பார்த்த வீடியோவில் அப்படித்தான் இருந்தது. ஓட்டி ஓட்டிப் பார்த்ததில் அந்த இடத்தை விட்டுவிட்டேனோ என்னவோ.

ஸ்டெல்லா பெரியம்மா: விட்டுவிட்டாய். அதுதான் முக்கியமான இடமே. தோலைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டு. திரும்பப் புதுத் தண்ணீர், திரும்பப் பத்து நிமிடம், கொட்டு. இப்படி மூன்று தரம். கசப்பெல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். மூன்றாம் தரம் மட்டும் பத்து நிமிடம் என்று கடிகாரம் பார்க்காதே, நகத்தால் கிள்ளினால் சோற்றுப் பருக்கை மாதிரி நசுங்க வேண்டும், அதுவரை வேகட்டும். சீனியைக் கண்டுவிட்டால் தோல் அதற்கு மேல் ஒரு நாளும் வேகாது.

அம்மா: என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போனில் பார்க்கிறாள், போன் எடுத்துப் பேச மாட்டாள்.

ஜெபா: அம்மா உங்களுக்கு ரெசிபி தெரியுமா?

அம்மா: அக்காவிடம் கேட்கத் தெரியும்.

சாம் அண்ணன்: தோலை முதலில் வேக வைக்கச் சொல்வது சரிதான், காரணமும் இருக்கிறது. மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விட்டுச் சுருங்கிவிடும் இல்லையா, கெட்டிப் பாகும் அதே வேலையைத்தான் செய்யும். பச்சைத் தோலில் இருக்கிற தண்ணீரை வேகமாக வெளியே இழுத்துவிடும், சீனி உள்ளே போக வழியே இல்லாமல் தோல் இறுகிவிடும். வெந்த தோல் பஞ்சு மாதிரி இருக்கும், அதுதான் பாகு குடிக்கும். அதனால் பாகும் ஆரம்பத்தில் தண்ணீராக இருக்க வேண்டும், தோல் உள்ளே கிடக்கும்போதே மெதுவாகக் கெட்டியாக வேண்டும்.

எட்வின் மாமா: வந்துவிட்டார் விஞ்ஞானி

ஜெபா: சரி அண்ணா. எவ்வளவு சீனி?

ஸ்டெல்லா பெரியம்மா: தண்ணீர் வடித்த தோலை நிறுத்துப் பார். 250 கிராம் இருந்தால் 250 கிராம் சீனி, தண்ணீரும் அதே அளவு. எனக்கு எடை போடுவதெல்லாம் கிடையாது, டம்ளர் கணக்குத்தான், ஆனால் நீ நிறுத்தே போடு.

அம்மா: உள்ளே இருக்கிற வெள்ளையை எல்லாம் கத்தியால் சுரண்டி எடுத்துவிடு, கசப்பே அதுதான்.

ஸ்டெல்லா பெரியம்மா: ரோஸ்லின், சுரண்டச் சொல்லாதே. சுரண்டினால் காகிதம் மாதிரிதான் மிஞ்சும், பாகில் போட்டதும் சுருண்டு கருகிப் போகும். அந்த வெள்ளைதான் பாகைக் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகிறது. ஒட்டிக்கொண்டு தொங்குகிற நாரை மட்டும் பிய்த்துப் போட்டால் போதும். கசப்புக்குத்தான் மூன்று தண்ணீர் இருக்கிறதே.

அம்மா: நான் சுரண்டித்தான் செய்தேன் அக்கா, போன வருடத்துக்கு முந்தின வருடம்.

ஸ்டெல்லா பெரியம்மா: அது என்ன ஆனது என்று சொல்லு.

அம்மா: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

எட்வின் மாமா: அழித்தாலும் நான் பார்த்துவிட்டேன் ரோஸ்லின்

கிரேஸ் அத்தை: என்ன பழம் வாங்கினாய் ஜெபா?

ஜெபா: ஸ்டிக்கர் ஒட்டின வெளிநாட்டுப் பழம் அத்தை, தோல் தடியாக இருக்கும் என்று.

கிரேஸ் அத்தை: தடித் தோல் நல்லதுதான், ஆனால் அந்தப் பழங்களுக்கு மேலே மெழுகு பூசி அனுப்புவார்கள். வெந்நீரில் போட்டு எடுத்து, பீர்க்கங்கூட்டால் நன்றாகத் தேய்த்துவிட்டு உரி. நாம் சாப்பிடப் போவதே தோலைத்தான். நாக்பூர் பழம், கொடைக்கானல் கமலா எல்லாம் தோல் லேசு, வெள்ளையும் அவ்வளவு இருக்காது, அதற்கு இரண்டு தண்ணீரே போதும், மூன்றாவது போட்டால் மணமும் போய்விடும். சாத்துக்குடித் தோலில் மட்டும் செய்யாதே, நான் செய்து பார்த்துவிட்டேன், அதில் மணமே இல்லை.

பிரின்சி: ஆச்சி பக்கத்தில்தான் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். இப்போது அவர்கள் சொல்வதை நான் டைப் அடிக்கிறேன், பிழை இருந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

பிரின்சி: "அப்போதெல்லாம் பாளையங்கோட்டையில் ஆரஞ்சு யார் கண்டது, காய்ச்சல் வந்தால்தான் வாங்கித் தருவார்கள். எங்கள் மாமியார் நாரத்தங்காய்த் தோலில்தான் செய்வார்கள், கொல்லையில் மரம் நின்றது. முதல் நாள் ராத்திரி உப்புத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள், காலையில் இரண்டு தரம் அவித்து வடித்துவிட்டுப் பாகில் போடுவார்கள். ஒரே நாளில் முடிக்க மாட்டார்கள். அன்றைக்கு லேசாக ஒரு கொதி, இறக்கி மூடி வைத்துவிடுவார்கள். மறுநாள் தோலை அரித்து எடுத்துவிட்டுப் பாகை மட்டும் கொஞ்சம் வற்ற வைத்துத் திரும்பத் தோல் மேலே ஊற்றுவார்கள். இப்படி நாலு நாள். பம்ப்ளிமாஸ் கிடைத்தால் அதன் தோலும் போடுவார்கள், ஆனால் அது கசப்பு பிடித்த பயல், நாலு தண்ணீர் மாற்றினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்."

சாம் அண்ணன்: ஆச்சி சொல்கிற நாலு நாள் கணக்கு பெரிய மிட்டாய் தயாரிப்பாளர்கள் இன்றைக்கும் செய்கிற முறைதான். பாகின் கெட்டியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுவார்கள், முழுப் பழம் கூடச் சுருங்காமல் வரும்.

பிரின்சி: அண்ணன் சொன்னதை ஆச்சியிடம் சொன்னேன். "படிக்காமலே தெரிந்ததை இவன் படித்துத் தெரிந்துகொண்டானா" என்கிறார்கள்.

கிரேஸ் அத்தை: உப்பு நாரத்தங்காயும் இதே கதைதானே. சுருள் சுருளாக வெட்டி உப்பை அடைத்து ஊற வைத்து வெயிலில் காய வைக்கிறோம், வருடக்கணக்கில் கெடுவதில்லை. அதில் உப்பு, இதில் சீனி.

ஜெபா: இங்கே சென்னையில் வெயில் எங்கே இருக்கிறது அத்தை, நாலு நாளாக மழை.

கிரேஸ் அத்தை: முதலில் வேக வை. காய்ச்சலைப் பிறகு பார்ப்போம்.

எட்வின் மாமா: காய்ச்சல் வந்தால் ஆரஞ்சு வாங்கித் தருவார்கள், அதில் இன்னொரு தரம் செய்யலாம்.

செவ்வாய்க்கிழமை

ஜெபா: மூன்று தண்ணீர் மாற்றினேன். வீடே மணக்கிறது, பக்கத்து ஃபிளாட் அக்கா என்ன செய்கிறாய் என்று வந்து பார்த்துவிட்டுப் போனார். தோல் கிள்ளினால் நசுங்கியது. பாகில் போட்டுச் சின்னத் தீயில் ஐம்பது நிமிடம், தோல் கண்ணாடி மாதிரி ஆனது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. இறக்குகிற நேரத்தில் அடிப்பிடிக்குமோ என்று பயந்து கரண்டி போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தேன். திடீரென்று பாகு முழுவதும் மண் மாதிரி ஆகிவிட்டது. [படம்]

ஸ்டெல்லா பெரியம்மா: ஏ பிள்ளே, கிண்டலாமா! பாகைக் கிண்டினால் பூத்துப் போகும்.

அம்மா: ஐயோ சீனி விலை

சாம் அண்ணன்: பயப்படாதே, ஒன்றும் வீணாகவில்லை. கால் டம்ளர் தண்ணீர் விட்டு, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, திரும்ப அடுப்பில் வை. சீனி எல்லாம் கரையட்டும். எலுமிச்சையின் புளிப்பு சீனியில் ஒரு பங்கை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக உடைத்துவிடும், கலப்படம் இருந்தால் அவ்வளவு சுலபத்தில் படிகம் பிடிக்காது. சட்டி ஓரத்தில் ஒட்டியிருக்கிற சீனியை ஈரத் துணியால் துடைத்துவிடு, அதில் ஒரு பொட்டு உள்ளே விழுந்தாலும் மொத்தப் பாகும் அதைப் பார்த்துப் பூக்கும். கரண்டி வேண்டாம், சட்டியைப் பிடித்து லேசாக ஆட்டு.

கிரேஸ் அத்தை: துணி பிடித்துக்கொண்டு ஆட்டு. பாகு கையில் பட்டால் வெந்நீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுடும்.

எட்வின் மாமா: கலப்படம் செய்தால்தான் நன்றாக வரும் என்று மருமகனே சொல்லிவிட்டான். குறித்துக்கொள்ளுங்கள்.

ஜெபா: கரைந்துவிட்டது!! திரும்பப் பளபள என்று இருக்கிறது. எப்போது இறக்க?

ஸ்டெல்லா பெரியம்மா: ஒரு சொட்டு எடுத்து விரலில் தொட்டுப் பார், ஊதி ஆற வைத்துவிட்டுத் தொடு, அவசரக்குடுக்கை. ஒற்றைக் கம்பி வந்தால் போதும். அடுப்பை அணைத்துவிட்டு ராத்திரி முழுவதும் பாகிலேயே கிடக்கட்டும், இன்னும் கொஞ்சம் குடிக்கும்.

புதன்கிழமை

ஜெபா: ஓட்டை இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பியிருக்கிறேன். கீழே தட்டில் பாகு சொட்டுகிறது. காலையிலிருந்து ஃபேன் ஓடுகிறது, இன்னும் பிசுபிசு என்றுதான் இருக்கிறது. வெளியே மழை.

சாம் அண்ணன்: சீனிக்குக் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு, மழை நாளில் ஃபேன் போட்டால் ஈரக் காற்றைத்தான் வீசும். ஓவன் இருக்கிறதா? 100 டிகிரிக்குள் வைத்து, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி லேசாகத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம். அடிக்கடி பார்.

ஸ்டெல்லா பெரியம்மா: கேக்குக்குத்தானே, எதற்கு அவ்வளவு காய வேண்டும்? சும்மா எடுத்துத் தின்னவும் பிறருக்குக் கொடுக்கவும்தான் காய வைத்துச் சீனியில் புரட்டுவது. கேக்கில் போடுவது ஈரமாக இருந்தால்தான் நல்லது, காய்ந்தது கேக்கில் இருக்கிற ஈரத்தையும் குடித்துவிடும். நான் கொஞ்சம் பாகோடு சேர்த்து பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன், ஈஸ்டர் வரைக்கும் வரும். பாட்டில் மட்டும் ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும், ஈரக் கரண்டியை விட்டால் மேலே பூசணம் பிடித்துவிடும்.

ஜெபா: அப்படியானால் பாதி காய வைக்கிறேன், பாதி பாட்டிலில்.

எட்வின் மாமா: ரம்மில் ஊறப் போடலாம் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே

கிரேஸ் அத்தை: வீட்டுக்கு வாருங்கள், சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை

ஜெபா: [படம்]

பிரின்சி: மதினி!!! கடையில் வாங்கினது மாதிரி இருக்கிறது

ஸ்டெல்லா பெரியம்மா: கடையில் வாங்கினது இப்படி இருக்காது. வெளிச்சம் ஊடுருவுகிறது பார். நன்றாக வந்திருக்கிறது ஜெபா.

அம்மா: என் மகள்

எட்வின் மாமா: முந்தாநாள் வரைக்கும் யார் மகளோ

ஜெபா: கசப்பு ஒரு ஓரமாகக் கொஞ்சம் இருக்கிறது பெரியம்மா, ஆனால் அது நன்றாகத்தான் இருக்கிறது. காய வைத்த பாதியை இவர் டிவி பார்த்துக்கொண்டே முடித்துவிட்டார், பாட்டிலை இப்போது அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஸ்டெல்லா பெரியம்மா: அந்தக் கொஞ்சக் கசப்பு இருக்கட்டும், இல்லாவிட்டால் வெறும் சீனி மிட்டாய்தான். பாட்டிலை ஃபிரிட்ஜிலேயே ஒளித்து வை, கீரைக்கு அடியில், அங்கே எந்த ஆம்பிளையும் கை விட மாட்டான். மிஞ்சின பாகு எங்கே? கொட்டிவிடாதே.

ஜெபா: ஒரு டம்ளர் இருக்கிறது. சோடாவில் ஊற்றிக் குடித்துப் பார்த்தோம், அருமை.

கிரேஸ் அத்தை: கட்டன் சாயாவில் ஒரு ஸ்பூன் விட்டுப் பார்.

சாம் அண்ணன்: முதல் தரம் செய்த செருப்பு வார் என்ன ஆனது?

ஜெபா: மிக்சியில் போட்டேன் அண்ணா, மிக்சி நின்றுவிட்டது.

பிரின்சி: மதினி, ஆச்சி ஒன்று கேட்கிறார்கள். தோல் கதை எல்லாம் சரி, இரண்டு தரமும் உரித்த பழத்தை எல்லாம் யார் தின்றது?

ஜெபா: நானும் இவரும்தான். ஒரு வாரமாகத் தினம் ராத்திரி அதுதான் சாப்பாடு.

பிரின்சி: மழைக்காலத்தில் இவ்வளவு ஆரஞ்சா, நெஞ்சில் சளி கட்டும், இரண்டு பேரும் இன்றைக்கு மிளகு ரசம் வைத்துக் குடித்துவிட்டுப் படுங்கள் என்கிறார்கள். வைத்ததும் போட்டோ போட வேண்டுமாம்.