நாலாம் வருடம், அதே டைரி: டேட்டாவை மூடிவிட்டு எழுத ஆரம்பிக்கலாமா?

தாழைக்காரி | 1 ஜனவரி 2025, காலை 7.40

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் ராத்திரி பன்னிரண்டுக்கு மொட்டைமாடியில் கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு தின்றுவிட்டு அறைக்கு வந்து, போன வருட டைரியின் முதல் பக்கத்தைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

இரண்டு பேப்பர் வெளிவர வேண்டும். பிஎச்.டி. தீசிஸில் மூன்று அத்தியாயம் முடிக்க வேண்டும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் கற்க வேண்டும். மாதம் ஒரு முறை ஊருக்குப் போக வேண்டும். இரவு ஒன்பதுக்குள் சாப்பிட வேண்டும். எல்லாம் பச்சை மையில், அழகான கையெழுத்தில்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பேப்பரை மார்ச்சில் அனுப்பினேன், ஆகஸ்டில் திரும்பி வந்தது. வேறு இதழுக்கு அனுப்பியதில் இன்னும் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது. அத்தியாயம் ஒன்று முடிந்தது, அதுவும் எல்லாரும் முதலில் எழுதிவிடுகிற முன்னாய்வுகள். ஆர் மென்பொருளில் வரைபடத்துக்கு நிறம் மாற்றத் தெரியும். ஊருக்கு மூன்று முறை போனேன். ஒன்பதுக்குள் சாப்பிட்டது மட்டும் முழு வெற்றி, ஏனென்றால் மெஸ்ஸை எட்டரைக்கே மூடிவிடுகிறார்கள்.

என் ஆய்வு பாக் விரிகுடாவில் கடல்புல் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பது. மீனவர்கள் தாழை என்பார்கள். தொண்டிக்குத் தெற்கே மூன்று இடங்கள். (2022-ல் அரசு அறிவித்த 448 சதுர கி.மீ. கடல்பசு, அதாவது ஆவுலியா, பாதுகாப்பகம் அதற்கு வடக்கே இருக்கிறது. அதனால் 'ஆவுலியாவைப் பார்த்தாயா?' என்று கேட்காதீர்கள். பார்க்கவில்லை.) 50-க்கு 50 செ.மீ. சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் இருக்கும் புல்லை வேரோடு எடுத்து வருவோம். வந்து கழுவி, இலைமேல் ஒட்டிய பாசியைப் பிளேடால் சுரண்டி, வெள்ளை டிரேயில் போட்டு இடுக்கியால் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஹாலோபிலா ஓவாலிஸ் என்று ஒன்று, சுண்டுவிரல் நகம் மாதிரி ஜோடி ஜோடியாகக் குட்டி இலை. ஒரு சட்டத்தில் அது நிறைய வந்துவிட்டால் அன்றைய மாலை அவ்வளவுதான். பிறகு 60 டிகிரி ஓவனில் 48 மணி நேரம் காய வைத்து எடை. ஜூலையில் ஒரு சனிக்கிழமை ஓவனில் வைத்துவிட்டு வந்தேன், ராத்திரியே கரண்ட் போயிருக்கிறது. திங்கள் காலை திறந்தால் 18 பொட்டலமும் பூஞ்சை. ஞாயிறு ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் தப்பித்திருக்கும்.

இதைவிடப் பெரிய ஓட்டை வாடைக்காலம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எடுத்த புல் மாதிரி என்று 2022-ஐச் சேர்ந்தது ஒன்றுதான் இருக்கிறது. 2023 டிசம்பரில் மாதிரி எடுக்குமுன் ஊருக்குப் போனவள் திருநெல்வேலி வெள்ளத்தில் அங்கேயே மாட்டிக்கொண்டேன். 2024 நவம்பரில் ராமேசுவரம் பக்கம் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அதற்கப்புறம் வாரக்கணக்கில் தண்ணீர் தேங்காய்ப்பால் மாதிரி. 'இதுல இறங்கி எதைம்மா பாப்பே?' என்றார் படகுக்கார அண்ணன்.

என் வழிகாட்டி சார் சொல்கிறார், இன்னொரு வாடை பார்த்துவிடலாம் என்று. அதாவது 2025 நவம்பர். நான் சேர்ந்தது 2021 அக்டோபர், உதவித்தொகை 2026 அக்டோபரோடு முடிகிறது. காத்திருக்கவா, இருப்பதை வைத்து எழுதவா? நல்லவேளை, பேப்பர் கட்டாயமில்லை என்று விதி மாறிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. அப்புறம், 'பேப்பர் வெளிவர வேண்டும்' மாதிரி அடுத்தவர் கையில் இருக்கும் விஷயத்தை நீங்கள் எல்லாம் புத்தாண்டுப் பட்டியலில் எப்படி எழுதுகிறீர்கள்?

மூன்றாம் மாடி | 1 ஜனவரி, காலை 10.15

முதலில் உங்கள் கடைசிப் பத்தியைத் திருத்துகிறேன், பயப்பட வேண்டாம். பேப்பர் கட்டாயத்தை எடுத்தது யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறை. அது 2022 நவம்பரில் வந்தது. அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விதிதான்: தீசிஸ் கொடுக்கும் முன் ஆய்விதழில் ஒரு பேப்பர், கருத்தரங்குகளில் இரண்டு உரை. நீங்கள் 2021. தீசிஸுக்கு முன் கொடுக்கும் சுருக்கமான சினாப்சிஸ் நேரத்தில்தான் இது தெரியவந்து என்னோடு படித்த ஒருவர் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தார். பிரிவு அலுவலகத்தில் நாளைக்கே கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

காத்திருக்கலாமா என்பதற்கு என் பதில், வேண்டாம். நவம்பரில் கடல் கலங்காது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? நானும் 'இன்னும் ஒரு செட்' என்று இரண்டு வருடம் ஓட்டினேன். கடைசியில் அந்த செட் தீசிஸில் ஒரே ஒரு அட்டவணையாக வந்தது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பக்கூட இல்லை.

உப்புக்காற்று | 1 ஜனவரி, மாலை 6.02

மேலே சொன்னவரோடு பாதி ஒத்துப்போகிறேன். தலைப்பில் 'பருவகால மாற்றம்' என்று இருந்தால், ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு வருட மாதிரி என்பது சின்ன ஓட்டை இல்லை தங்கச்சி. வெளித் தேர்வாளர் கடல் ஆளாக இருந்தால் முதல் கேள்வியே அதுதான். அந்த வருடம் மட்டும் அப்படி இருந்ததா, எல்லா வாடையிலும் அப்படித்தானா என்று உங்களால் சொல்ல முடியாதே.

ஆனால் அதற்காக இன்னொரு நவம்பர் தேவையில்லை. கேள்வியை மாற்றுங்கள். மழைக்கு முன், மழைக்குப் பின் என்று ஒப்பிடுங்கள். செப்டம்பர் மாதிரி எத்தனை வருடம் இருக்கிறது? தண்ணீர் தெளிந்ததும் இந்தப் பிப்ரவரியில் ஒரு முறை இறங்கிவிட்டால் பின்மழைக்கும் கணக்கு சரியாகலாம். 2022 வாடை மாதிரியைத் தனியாக, ஒரு வருடத்துப் பதிவு என்று சொல்லியே போடுங்கள். தலைப்பை மாற்ற டிசி (ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டி) கூட்டத்தில் ஒப்புதல் வேண்டும், அதைச் சீக்கிரம் கேளுங்கள்.

ஓவனுக்கு ஒரு வழி: மாதிரிகளை இரண்டாகப் பிரித்து வேறு வேறு நாளில் வையுங்கள். நான் கற்றுக்கொண்டது 30 பொட்டலம் போன பிறகு.

ரெண்டாம் வருடம் | 2 ஜனவரி, அதிகாலை 1.20

அக்கா, உங்கள் ஐந்தில் மூன்று என் டைரியிலும் இருக்கிறது. ஆர் உட்பட. போன ஜனவரியில் ஒரு காணொளி வகுப்பில் சேர்ந்தேன், நாலாவது பாடத்தில் நிற்கிறேன். சேர்ந்து படிக்கலாமா? ஞாயிறு இரவு ஒரு மணி நேரம், உங்கள் டேட்டாவை வைத்தே. எனக்கு டேட்டா இன்னும் இல்லை, அதுதான் உண்மை.

தாழைக்காரி | 5 ஜனவரி 2025, இரவு 9.10

பிரிவு அலுவலகத்தில் கேட்டேன். மூன்றாம் மாடி சொன்னதுதான் சரி, எனக்குப் பழைய விதிதான். ஒரு கருத்தரங்கு முடித்திருக்கிறேன், இன்னொன்று வேண்டும். மூன்று வருடமாக இது தெரியாமல் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

செப்டம்பர் மாதிரி மூன்று வருடத்துக்கும் இருக்கிறது, பின்மழை இரண்டு வருடத்துக்கு. சாரிடம் 'முன்மழை, பின்மழை' என்று தாளில் கோடு போட்டுக் காட்டினேன். ஐந்து நிமிடம் பேசவில்லை. அப்புறம், 'தலைப்பை நீயே எழுதிக் கொண்டு வா' என்றார். சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். டிசி கூட்டத்தில் வைக்கச் சொல்லி இன்னும் கேட்கவில்லை, தலைப்பு எழுதிய பிறகு.

புதுப் பக்கத்தில் இந்த முறை நாலு வரிதான். பேப்பர் திரும்பி வந்தால் பத்து நாளுக்குள் அடுத்த இதழுக்கு அனுப்ப வேண்டும். அது வருமா வராதா என்று எழுதவில்லை. ஏப்ரலுக்குள் செயல்முறை அத்தியாயம். பொங்கலுக்கு ஊர், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஞாயிறு எட்டு மணிக்குத் தம்பியோடு ஆர், இன்று முதல் நாள்: ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி கோப்பைத் திறக்கவே போனது.

படகுக்கார அண்ணனுக்குப் போன் போட்டேன். தைப்பூசம் கழிந்து தண்ணீர் தெளியும், அதுக்கு முன்னாடி வராதே என்றார். தைப்பூசம் பிப்ரவரி 11. போனை வைக்கும்போது வழக்கம்போல, 'படிப்பு முடிஞ்சிருச்சாம்மா?' என்றார்.